மேடம் பேசுவாவ

ஜனவரி 6, செவ்வாய்

இருட்டான வகுப்பில் எனக்குப் பயம் குறைகிறது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஆசிரியர் வேலைக்கு இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்.

தென்காசியில் இந்தப் பெண்கள் கல்லூரியில் இன்று முதல் நாள். விலங்கியல், இரண்டாம் ஆண்டு, கருவியல் பாடம். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு விடுப்பில் இருக்கும் ஜெபக்கனி மேடத்துக்குப் பதிலாக, இந்தப் பருவத்துக்கு மட்டும் நான். துறைத் தலைவர் உலகம்மாள் மேடம் மூன்றாம் மாடிக் கோடியில் இருக்கும் ஸ்மார்ட் அறைக்குக் கூட்டிப்போய்க் கணினியைத் திறந்து காட்டினார்.

"பருவம் முச்சூடுக்கும் ஸ்லைடு ஜெபக்கனியே செஞ்சு வச்சிருக்கா. நீ போட்டுக் காட்டுனா போதும், சுபத்ரா. புதுசா ஒண்ணும் மெனக்கெட வேண்டாம்."

ஜன்னல்களில் பழைய மேடைத் திரையை வெட்டித் தைத்த கனத்த சிவப்புத் துணி. இழுத்து மூடியதும் பெண்களின் முகங்கள் மறைந்தன. என் முகமும் மறைந்திருக்கும். நான் பேச ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் ஸ்லைடு தானாக அடுத்ததற்குப் போயிற்று. பின்னால் கொண்டுவந்தேன். சற்று நின்றுவிட்டு மறுபடியும் போயிற்று. மவுஸின் மேல் என் கை இல்லை.

ஸ்லைடு வெளிச்சத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 7, புதன்

இன்றும் அப்படியே. ஒரு படத்தில் நெடுநேரம் நிற்கிறது, அடுத்ததில் சட்டென்று ஓடுகிறது. யாரோ என் தோளுக்குப் பின்னால் நின்று பக்கம் புரட்டுவதுபோல. வேகமாகப் பேசி ஈடுகட்டப் பார்த்தேன்; முடியவில்லை.

வகுப்பு முடியும் நேரத்தில் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பிடாதி என்று பெயர். வகுப்பின் பிரதிநிதி.

"மிஸ், ஸ்பீக்கர் ஒயர மாட்டல. அதான்."

"ஸ்பீக்கர் எதுக்கு?"

"மாட்டுங்க மிஸ். மேடம் பேசுவாவ."

மாட்டினேன். ஒரு கரகரப்பு. பிறகு அறை முழுக்க ஒரு பெண்ணின் குரல், தடித்த, சிரிப்பை அடக்கிய குரல்: "வாங்கட்டி, உக்காருங்க. பின்னாடி இருக்கவளுக்குக் கேக்குதா?"

குரல் நின்றது. அந்த நிறுத்தத்துக்குள் பின்வரிசை முழுவதும் சொன்னது: "கேக்குது மேடம்!"

"சரி, அப்ப ஆரம்பிப்போம்" என்றது குரல்.

என் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது. இருட்டு நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 9, வெள்ளி

உலகம்மாள் மேடத்திடம் கேட்டேன். அவர் டிபன் டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்.

குரல்வளையில் கட்டி. அதை மொத்தமாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டார். தீபாவளி விடுமுறையில், கல்லூரி ஆளில்லாமல் கிடந்தபோது, ஜெபக்கனி மேடம் அந்த மூன்றாம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வரப்போகும் பருவத்தின் ஐந்து பாடங்களையும் ஸ்லைடுகளோடு சேர்த்துப் பேசிப் பதிந்திருக்கிறார். மாணவிகள் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் இடைவெளி விட்டு. ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்துக் கேள்வி கேட்டு, காத்திருந்து. விடுப்பில் போகுமுன் பெண்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறார்.

"ஜூன்ல வந்துருவேன், பக்கத்துல நின்னு படத்தக் காட்டிக்கிடுதேன், பேச்ச அது பேசும்னு எழுதிக் காட்டுதா. காலேஜ் செயலர் ஐயா என்ன சொல்லுவாவளோ. இருக்கது ஒரு போஸ்ட்டு." என்னைப் பார்த்தார். "நீ உன் வேலையப் பாரு. ஜூன்ல பாத்துக்கிடலாம்."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரிடம் குரலே இல்லை. இருக்கும் குரல் எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: வேலை நிரந்தரமாகுமா? ஜூனில் உறுதியானால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மாமா பார்த்து வைத்திருக்கும் கரூர்ப் பையன் வீட்டார் வருவார்கள். பையனைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. நல்லவன் என்கிறார்கள். அவர்கள் வீட்டில் புத்தகம் வைக்க அலமாரி இருக்கிறதா என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள்.

திருச்சிப் பேருந்தில் வரும்போது இந்த ஸ்லைடு விவகாரத்தை யோசித்துப் பார்த்தேன். நல்லதும் இருக்கிறது. என்னால் கரும்பலகையில் ஒரு தவளை முட்டையைக்கூட வட்டமாக வரைய முடியாது. இங்கே அது நிறத்தோடு, ஆள் உயரத்துக்கு நிற்கிறது. செல்கள் பிரிவதைப் பெண்கள் கண்ணால் பார்க்கிறார்கள். எரிச்சலும் உண்டு. திரையில் எழுத்து வந்தால் காது மூடிக்கொள்கிறது. எல்லாரும் பார்த்து எழுதுவதில் இறங்கிவிடுகிறார்கள். கடைசி வரிசை அலைபேசியில் படம் எடுத்துவிட்டுத் தலைசாய்க்கிறது. மதிய வகுப்பில் இருட்டும் மின்விசிறியும் சேர்ந்தால் தாலாட்டுதான்.

ஆனால் மேடத்தின் ஸ்லைடுகளில் எழுத்து மிகக் குறைவு. படம், அதற்குக் கீழே ஒரு பெயர். மற்றதெல்லாம் குரல்.

ஜனவரி 28, புதன்

தவளைப் பாடம். திரையில் ஒரு பல்லி ஏறி, கருவின் தலைப்பக்கம் போய் நின்றுகொண்டது.

குரல் வழக்கமான கேள்வியைக் கேட்டது. ஒவ்வொரு படத்துக்கும் அதே கேள்விதான்: "இதுல இன்னும் எது வரல?" பிறகு இடைவெளி.

"பல்லி வந்துட்டு மேடம்!" என்று கத்தினாள் ரஹ்மத். முப்பிடாதியின் பக்கத்தில் இருப்பவள், வாயாடி. வகுப்பே சிரித்து உருண்டது.

"கரெக்ட்டு" என்றது குரல், தன் நேரத்துக்கு. "இப்ப தெரியுதா?"

இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் கவனித்தேன், ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள அவர்கள் திரும்பிப் பார்த்தது ஸ்பீக்கரை.

பிப்ரவரி 3, செவ்வாய்

"மெதுவா எழுதுங்க. நான் நிக்கேன்."

இதை அவர் ஒரு பாடத்தில் பலமுறை சொல்கிறார். சொன்னபிறகு உண்மையிலேயே நிற்கிறார். அந்த இடைவெளியில் அவர் மூச்சு விடுவது கேட்கும். ஒருமுறை எச்சில் விழுங்கும் ஒலி. விழுங்க வலித்திருக்கிறது என்று தெரிகிறது.

விடுதியில் குழாயடியில் வாளி நிரம்பக் காத்து நிற்கையில் அந்த மூச்சு என் பின்னால் கேட்டது. திரும்பினேன். விடுதிச் சமையற்காரரின் பூனை. நூலகத்திலிருந்து எடுத்து வந்த ரஷ்ய நாவலில் ஒரு பக்கம் முடித்ததும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திருப்புகிறேன். அம்மாவிடம் போனில் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துகிறேன் போலிருக்கிறது.

"ஏன்டி, லைன் கட்டாயிடுச்சா?" என்றாள்.

"இல்லம்மா. இருக்கேன்."

பிப்ரவரி 11, புதன்

தரச்சான்று தருவதற்கு ஒரு குழு வரப்போகிறதாம். ஒவ்வோர் ஆசிரியர் பெயரிலும் மின்பாடம் இருக்க வேண்டும்.

"நாலாவது பாடத்த உன் குரல்ல பதிஞ்சிரு, சுபத்ரா. கோழிக்குஞ்சு. ஸ்லைடுதான் ரெடியா இருக்கே. அதுலயே பேசிரு. செயலர் ஐயா கேட்டாவன்னா எனக்கும் காட்ட ஏதாச்சும் வேணும்லா? ஜூன்ல உனக்காகப் பேசணும்னா."

கடைசி வாக்கியத்தை உலகம்மாள் மேடம் கதவருகே போய்த் திரும்பி நின்று சொன்னார்.

பிப்ரவரி 13, வெள்ளி

மதியம் அறை காலியாக இருந்தது. நான்காம் பாடத்தைத் திறந்து, நாற்பத்தெட்டு மணி நேரக் கருவின் படத்துக்குப் போய், பதிவு பொத்தானை அழுத்திப் பேசினேன். என் குரல் தெளிவாக இருக்கிறது. எனக்கே ஆச்சரியம். ஆளில்லாத அறையில் நான் தடுமாறுவதில்லை. அடுத்த இரண்டு ஸ்லைடுகளும் அப்படியே நன்றாக வந்தன.

சேமித்துவிட்டுப் போட்டுக் கேட்டபோது, அந்த மூன்று ஸ்லைடுகளிலும் என் குரல் மட்டுமே இருந்தது. ஒரு ஸ்லைடில் புதிதாகப் பதிந்தால் பழையதை அது அழித்துவிடும் என்று எனக்குத் தெரியாது.

மூன்று ஸ்லைடுகள்தான்.

பிப்ரவரி 14, சனி

துணி துவைத்தேன். தலைவலி.

பிப்ரவரி 16, திங்கள்

யோசித்துப் பார்த்தால் ஒரே பாடத்தில் நடுவில் மட்டும் குரல் மாறுவது பெண்களுக்குக் குழப்பமாக இருக்கும். கற்பித்தல் முறையாகவும் சரியில்லை. ஆகவே மீதி ஸ்லைடுகளையும் இன்று பதிந்து முடித்தேன். முதல் ஸ்லைடை மட்டும் விட்டுவிட்டேன். அதில் வரவேற்பு மட்டும்தான், பாடம் எதுவும் இல்லை.

தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுச் செய்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

வகுப்பில் இன்னும் மூன்றாம் பாடம்தான் ஓடுகிறது. இடைவெளிகள் இல்லாததால் இந்தப் பாடம் பாதி நேரத்தில் முடிகிறது. உலகம்மாள் மேடம் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு, விறுவிறுன்னு போகுது" என்றார்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஜெபக்கனி மேடம் வந்தார்.

துறை அறையில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் உயரமான பெண், கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பருத்தித் துணி. குரலை வைத்து நான் பருத்த உருவம் ஒன்றைக் கற்பனை செய்திருந்தேன். இவர் கொடிபோல இருந்தார். கையில் குழந்தைகள் எழுதி அழிக்கும் சின்னப் பலகை.

உலகம்மாள் மேடம் எழுந்து கட்டிக்கொண்டார். "எப்பிடி இருக்கட்டி?"

பலகையில் எழுதினார்: 'வீட்டுக்காரருக்குத்தான் சந்தோசம். வீடு அமைதியா இருக்கு.'

என்னைப் பார்த்ததும் அழித்துவிட்டு எழுதினார்: 'நீதான் சுபத்ராவா? அவ ரொம்பப் பேசுவாளே. கிளாஸ்ல உன்னப் பேச விட்டாளா?'

யாரைச் சொல்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. பதிவில் இருப்பவளை.

செயலரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை செயலர் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பேச்சில்லாமல் நடத்த முடியும் என்று அவர் ஒப்புக்கொண்டால், ஜூனில் வேலை. இல்லையென்றால் இல்லை.

"எந்தப் பாடம்?" என்றார் உலகம்மாள் மேடம்.

'கோழிக்குஞ்சு. அதுதான் நல்லா வந்துச்சு. அன்னைக்கு வலியில்ல.'

உலகம்மாள் மேடம் என்னைப் பார்த்தார். பிறகு தன் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

நான் கேட்டேன்: "மேடம், வீட்டுல அந்தப் பதிவெல்லாம் ஒரு காப்பி வச்சிருக்கீங்களா?"

தலையாட்டினார், இல்லையென்று. எழுதினார்: 'எதுக்கு? அது பிள்ளைகளுக்கு.' அழித்துவிட்டு, கொஞ்சம் நிதானித்து மறுபடி எழுதினார். 'நான் ஒரு தடவகூடக் கேட்டுப் பாக்கல. தைரியம் இல்ல. வெள்ளிக்கெழம பிள்ளைகளோட சேந்து கேட்டுக்கிடுவேன்.'

"கண்டிப்பா மேடம்" என்றேன்.

மார்ச் 2, திங்கள்

உலகம்மாள் மேடம் அந்த விஷயத்தைப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 5, வியாழன்

சொல்லிவிடலாம் என்று காலையில் கிளம்பினேன். அவர் வீடு மேட்டுத்தெருப் பக்கம் என்று முப்பிடாதி சொல்லியிருக்கிறாள். சொல்வதென்றால் என்ன சொல்வது? பாடம் மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்தாவதை எடுங்கள், அது அப்படியே இருக்கிறது என்று சொல்லலாம். ஏன் என்று எழுதிக் கேட்பார். பலகையை நீட்டிக்கொண்டு, நான் பதில் சொல்லும்வரை நிற்பார்.

கடைத்தெரு வரை போனேன். சோப்பும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மார்ச் 6, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செயலர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் உலகம்மாள் மேடம். நான் கணினியருகே, ஸ்லைடை இயக்குவதற்கு. பெண்கள் தலைவாரிப் பூ வைத்து வந்திருந்தார்கள், தங்கள் வீட்டு விசேஷம்போல. ஜெபக்கனி மேடம் நீளக்கோலோடு திரையருகே நின்றார். நீலப்புடவை. கழுத்துத் துணியும் அதே நீலத்தில்.

திரைச்சீலையை இழுத்தார்கள். அழுத்தினேன்.

"வாங்கட்டி, உக்காருங்க."

மேடத்தின் கை மேஜை விளிம்பைப் பற்றியது. கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் மூச்சுவிடாமல் அவரையே பார்த்தார்கள். "இன்னைக்குக் கோழிக்குஞ்சு" என்றது குரல். "பசி எடுத்தா நான் பொறுப்பில்ல." யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மேடம் கண்ணைத் திறந்தார். அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன, குரலோடு, சொல்லுக்குச் சொல் பொருந்தி. குரல் அவர் வாயிலிருந்தே வருவதுபோல இருந்தது. ஒரு ஸ்லைடு நேரம் அவர் பேசினார். நான் பார்த்தேன்.

அடுத்த ஸ்லைடு வந்தது. என் குரல் வந்தது.

அவர் உதடுகள் உடனே நிற்கவில்லை. தான் சொல்லப்போவது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொண்டே போனார், என் சொற்கள் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்க. பிறகு உதடுகள் நின்றன. என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்தார் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. தவறான பதில் சொன்ன பெண்ணை, சரியான பதிலையும் அவளே சொல்லட்டும் என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஸ்லைடு மாறியது. முப்பத்துமூன்று மணி நேரக் கரு. என் குரல் எங்கும் நிற்காமல் ஓடியது. மேடம் கோலை உயர்த்திப் படத்தைத் தொட்டார். புருவத்தைத் தூக்கி, வெறும் கையை விரித்தார். கேள்வி எல்லோருக்கும் தெரியும்.

"ரத்த ஓட்டம்!" என்று என் குரலுக்கு மேலே கத்தினாள் ரஹ்மத். "ரத்த ஓட்டம் இன்னும் வரல மேடம்!"

"காலு!" என்றது பின்வரிசை. "றெக்கை!"

என் குரல் அந்த நேரம் இதயக்குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒலியைக் குறைக்கும் பொத்தான் என் கைக்கருகிலேயே இருந்தது. நான் தொடவில்லை. முப்பிடாதி எழுந்து வந்தாள். என்னைப் பார்க்காமல், குனிந்து, ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள்.

ஸ்லைடு என் வேகத்துக்கு அடுத்ததற்குத் தாவியது. மேடம் வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு கழுத்துத் துணிக்குள்ளிருந்து வந்தது. என் கையைத் தள்ளிவிடவில்லை. அதன் மேல் தன் கையை வைத்து, மவுஸால் ஸ்லைடைப் பின்னால் கொண்டுவந்தார். பிறகு எல்லா ஸ்லைடுகளையும் அப்படியே நடத்தி முடித்தார். சத்தமே இல்லாத படம், கோல், கை, அறுபது பெண்களின் பதில். நான் படித்த எந்தக் கல்லூரியிலும் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை.

விளக்கைப் போட்டதும் செயலர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா நடத்துதாவ. ஆனா ஒரு கிளாஸுக்கு எதுக்கு ரெண்டு பேரு? நடுவுல பேசுனது யாரு வாய்ஸ்? கணீர்னு இருக்கே."

உலகம்மாள் மேடம் சொன்னார்: "நம்ம சுபத்ராதான் ஐயா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடமும்.

"உங்களதா?" என்றார் செயலர்.

அங்கே வேறு யாருடைய குரல் இருந்தது, அது எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"ஆமாம் ஐயா."

மார்ச் 7, சனி

உலகம்மாள் மேடம் போன் செய்தார். ஜூனில் எனக்கு ஆணை வரும். அம்மாவிடம் சொன்னேன். கரூர்க்காரர்களிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொல்லி அழுதாள், சந்தோஷமா வருத்தமா தெரியவில்லை.

எனக்கு வந்த வேலை யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஐந்தாம் பாடம் இன்று ஆரம்பிக்க வேண்டும். அது அவர் குரலில் இருக்கிறது, முழுதாக. வாரம் முழுக்க அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமே என்று நினைத்தபடிதான் படியேறினேன்.

பெண்கள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். திரைச்சீலைகளை யாரும் மூடவில்லை. அறை முழுக்கப் பகல்.

கணினியைத் திறந்தேன். பாடங்கள் இருந்த இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எதுவும் இல்லை. நான்கு மட்டும் இருந்தது.

"மத்ததெல்லாம் எங்க?" என்றேன்.

முப்பிடாதி எழுந்தாள். "எடுத்துட்டோம் மிஸ். மேடம் வீட்டுல கொண்டு குடுத்துட்டோம்."

"கேட்காம எடுக்கலாமா?"

கேள்வி என்னிடமே நின்றது.

"மேடம் கேட்டுப் பார்த்தாங்களா?" என்றேன் கடைசியில்.

"மொதல்ல வேண்டாம்னுட்டாவ. அப்புறம் போடுன்னாவ" என்றாள் ரஹ்மத். வாயாடியின் குரலில் விளையாட்டில்லை. "மேடம் வீட்டுக்காரரும் கூட உக்காந்து கேட்டாவ. அஞ்சாவது பாடம் முடியுற வரைக்கும் நாங்க அங்கதான் இருந்தோம். கோழிக்குஞ்சுல என்ன பேசுனேன்னு மேடத்துக்கே இப்ப முழுசா ஞாபகம் இல்லியாம். எழுதிக் காட்டுனாவ."

"நாலாவதுல அந்த வரவேற்பு..."

"அதையும் எடுத்துட்டோம் மிஸ். உங்களது மட்டும் அதுல இருக்கு. அப்படியே விட்டிருக்கோம், ஒண்ணும் தொடல. போடுங்க. அன்னைக்கு நாங்க சரியாக் கேக்கல" என்றாள் முப்பிடாதி.

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நோட்டைத் திறந்து, பேனாவை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டிருந்தாள். எல்லோரும் அப்படித்தான்.

அழுத்தினேன். வெளிச்சத்தில் படம் வெளிறித் தெரிந்தது. எது தலை எது வால் என்றுகூடச் சொல்ல முடியாது. என் குரல் மட்டும் கணீரென்று வந்தது. ஒரு பிழை இல்லாமல், ஓர் இடத்திலும் நிற்காமல் பேசிக்கொண்டே போயிற்று. அறுபது பேரில் ஒருத்திகூடத் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்திவிடலாம் என்று கை பொத்தான்வரை போயிற்று. நிறுத்தினால், நான் பேச வேண்டும்.